உதட்டில் கீறுவதா, ஸ்கேனோடு நிறுத்துவதா: பிள்ளைக்கு ஷோக்ரன் நோய் சந்தேகம் வந்தால்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்தவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதுமடலுக்குக் கீழே கொழுக்கட்டை போல ஒரு வீக்கம். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, பொன்னுக்கு வீங்கிதான் என்று முடிவு செய்துவிட்டோம். என் மாமியார் தன் சங்கிலியைக் கழற்றிப் பேத்தியின் கழுத்தில் போட்டார், வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டார். ஐந்தாறு நாளில் வீக்கம் வடிந்தது. மூன்று மாதம் கழித்து மறுபக்கம் வீங்கியது. அப்புறம் இன்னொரு முறை. நான்காவது முறை இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கியபோது குழந்தை மருத்துவர் சொன்னார்: "பொன்னுக்கு வீங்கி ஒரே பிள்ளைக்கு நாலு தடவை வராதும்மா."

முதல் முறை நாங்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கிக்கான தடுப்பூசியைத் தனியாரிடம் போட்டுக்கொண்டால்தான் உண்டு. அதனால் அந்த நோய் இன்னும் நம் தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பொதுவாக ஒரு முறை வந்தால் மறுபடி வராது. இரண்டாவது முறை வீங்கியதுமே நாங்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ஷோக்ரன் நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அதை உறுதி செய்ய இரண்டு மருத்துவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒருவர், "கீழ் உதட்டின் உள்பக்கம் சின்னதாகக் கீறி பயாப்ஸி எடுத்துவிடலாம், குழப்பம் தீரும்" என்றார். பயாப்ஸி என்றால் சின்னத் துண்டு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இன்னொருவர், "ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்போம், அல்ட்ராசவுண்ட் எடுப்போம், கத்தி இப்போது வேண்டாம்" என்றார். இரண்டு பேரும் அனுபவசாலிகள். நடுவில் நாங்கள் நின்றோம். அந்த நாட்களில் நான் படித்ததும், கேட்டுத் தெரிந்துகொண்டதும், பக்கத்து நாற்காலியில் காத்திருந்த தாய்மார்களிடம் பேசியதும்தான் இந்தக் கட்டுரை. முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அந்த அறையில் உட்கார்ந்து பேசுவது எளிதாகிவிடும்.

ஷோக்ரன் நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் புகுந்து அவற்றையே தாக்குகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் எழுதிய ஆய்வேட்டில் கண் உலர்ந்துபோன 19 பெண்களைப் பற்றி விவரித்தார். அவர் பெயர்தான் நோய்க்கு நிலைத்தது. அன்றிலிருந்து இந்த நோயின் அடையாளம் என்றாலே கண் உலர்வதும் வாய் உலர்வதும்தான் என்றாகிவிட்டது. நடுத்தர வயதுப் பெண்களைப் பார்த்து உருவான அளவுகோல் அது. குழந்தைகளிடம் கதை வேறு மாதிரித் தொடங்குகிறது. சுரப்பியில் இன்னும் கையிருப்பு நிறைய இருப்பதால் வாய் உலர்வது பிந்தித்தான் தெரியும். முதலில் தெரிவது பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் கன்ன வீக்கமும் மூட்டு வலியும்தான். வாய் உலர்ந்தாலும் பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை, அப்படி இருப்பதுதான் இயல்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மகள் இட்லிக்கே இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். அது அவள் பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வயது வந்தவர்களுக்காக 2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. உதட்டுப் பயாப்ஸி பாசிட்டிவ் என்றால் 3. ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி (உடலையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம்) இருந்தால் 3. கண்ணீர் குறைவு, கருவிழி மேல்பரப்புச் சேதம், உமிழ்நீர் குறைவு ஆகிய மூன்றுக்கும் தலா 1. கூட்டினால் 4 வர வேண்டும். ஆன்டி-ரோ இல்லாத பிள்ளைக்குப் பயாப்ஸி செய்யாவிட்டால் மிச்சமிருக்கும் மூன்றும் பாசிட்டிவ் ஆனாலும் 3-ஐத் தாண்டவே முடியாது. ஆன்டி-ரோ இருக்கும் பிள்ளைக்கும் இன்னொரு மதிப்பெண் தேவை. அதைத் தர வேண்டியவை உலர்வைக் காட்டும் சோதனைகள், குழந்தைகளிடம் கடைசியில் வருவதும் அந்த உலர்வுதான். குழந்தைகளிடம் அதிகம் தென்படும் கன்ன வீக்கத்துக்கு இதில் மதிப்பெண்ணே கிடையாது. அல்ட்ராசவுண்டுக்கும் இல்லை. பல நாடுகளிலிருந்து 300 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய ஓர் ஆய்வில், மருத்துவர்கள் ஷோக்ரன் என்று முடிவு செய்திருந்தவர்களில் முக்கால்வாசிக்கும் சற்று மேற்பட்டவர்கள் இந்த 4-ஐ எட்டவில்லை.

"மார்க் வரவில்லை, அதனால் நோய் இல்லை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆராய்ச்சிக்கு ஆட்களைச் சேர்ப்பதற்காக வகுத்த முறை அது. குழந்தையின் நோயை அனுபவமுள்ள மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

பயாப்ஸியா ஸ்கேனா என்பதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை வருகிறது. இதில் தேர்வு என்று ஒன்றுமில்லை, எல்லாருக்கும் செய்ய வேண்டியது. ஒரே ஊசியில் பலவற்றைப் பார்க்கலாம்: ஏ.என்.ஏ. (நம் அணுக்களின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகள்), ஆன்டி-ரோ, அதே வகையைச் சேர்ந்த ஆன்டி-லா, ருமட்டாய்டு ஃபேக்டர், ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவு, ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., பொட்டாசியம், சர்க்கரை. கூடவே சிறுநீர். ஷோக்ரன் சில பேருக்குச் சிறுநீரகத்தைத் தொட்டு, பொட்டாசியம் இறங்கி, கை கால் அசைக்க முடியாமல் போவதுதான் முதல் அறிகுறியாகவே வரும். அதனால் சிறுநீர்ச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

ஏ.என்.ஏ. மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஏமாற்றம் வரலாம். நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கும் அது குறைந்த அளவில் பாசிட்டிவ் வருவதுண்டு. அது நெகட்டிவ் வந்தாலும் ஆன்டி-ரோ ஒளிந்திருப்பதுண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் ஆன்டி-ரோவைத் தனியாகவே கேட்டு வாங்குங்கள், பல லேப்களில் ஈ.என்.ஏ. ப்ரொஃபைல் என்ற பெயரில் இருக்கும். வீக்கம் இருக்கும் நேரத்தில் அமைலேஸ் பார்த்தால் கூடுதலாக வரும். கணையத்தில் கோளாறோ என்று பயந்து ஓட வேண்டாம், உமிழ்நீரிலும் அதே நொதிதான் இருக்கிறது.

எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, இப்போது அதற்காக வருந்துகிறேன். குழந்தைகளுக்கு இரண்டு பக்கக் கன்னச் சுரப்பியும் வீங்கக் காரணமாகும் நோய்களில் எச்.ஐ.வி.யும் ஒன்று. அதை விலக்காமல் ஷோக்ரன் என்று எழுதவே கூடாது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், எதிர்ப்புச் சக்திக் குறைபாடு ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலேயே கவனித்துவிடுவார்கள்.

கண்ணீர்ச் சோதனையும் உமிழ்நீர்ச் சோதனையும் அடுத்தவை. கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு. பட்டையைச் செருகியதும் என் மகள் அழுதாள். அழுகிற பிள்ளையின் கண்ணீரை அளந்து என்ன தெரியும்? உமிழ்நீரை ஒரு குழாயில் வடியவிட்டு அளப்பதும் அப்படித்தான். நிமிடத்துக்கு 0.1 மி.லி.க்கு மேல் போகாவிட்டால் குறைவு என்பது பெரியவர்களின் கணக்கு. சின்னப் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். வளர்ந்த பிள்ளைகள், பொறுமையாக உட்காரக்கூடியவர்கள் என்றால் செய்து பார்க்கலாம். இயல்பாக வந்துவிட்டது என்பதற்காக நோயைத் தள்ளிவிட வேண்டாம். சாயம் விட்டுக் கருவிழியைப் பார்க்கும் பரிசோதனை மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை, கண்ணைக் காப்பாற்றுவதற்காகவே தேவை.

சரி, அல்ட்ராசவுண்ட். வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்து வேண்டாம். கழுத்தில் ஜெல்லைத் தடவிக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். காதோரச் சுரப்பி இரண்டு, தாடைக்குக் கீழே இரண்டு என்று நான்கையும் பார்க்க வேண்டும். வீங்கின பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிய ரிப்போர்ட் இந்தக் கேள்விக்குப் போதாது. நல்ல சுரப்பி திரையில் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். ஷோக்ரனில் அதற்குள் கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். என் மகள் திரையைப் பார்த்து, "ஆப்பத்தில் ஓட்டை ஓட்டையா இருக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள். 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். 2-ம் 3-ம் கவலைக்குரியவை.

இந்த ஸ்கேனுக்கும் ஒரு பலவீனம் உண்டு, எங்கள் இரண்டு மருத்துவர்களும் வேறுபட்டது இங்கேதான். குழந்தைகளுக்கு மட்டுமே வரும் இன்னொரு நோய் இருக்கிறது: காதோரச் சுரப்பி திரும்பத் திரும்ப வீங்கி வடிவது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும். ஆண் பிள்ளைகளிடம் சற்று அதிகம். பருவ வயதை எட்டும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கன்னத்தை நீவிவிடுவது, புளிப்பு மிட்டாய் சப்பி எச்சிலை ஊறவைப்பது, வலி மருந்து என்று சமாளிக்கலாம். ஸ்கேனில் இதிலும் அதே கரும்புள்ளிகள் தெரியும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். ஆனால் துப்பு கிடைக்கும். அந்த நோய் பெரும்பாலும் காதோரச் சுரப்பியோடு நின்றுவிடுகிறது. தாடைக்குக் கீழே இருப்பவையும் கெட்டிருந்தால் தராசு ஷோக்ரன் பக்கம் சாய்கிறது. பெண் பிள்ளை, ஏழெட்டு வயதுக்கு மேல் தொடக்கம், இரண்டு பக்கமும் வீக்கம், வடிந்த பிறகும் லேசான தடிப்பு மிச்சமிருப்பது, மூட்டு வலி, திடீரென்று பெருகிய சொத்தைப் பல், ஐஜிஜி அதிகம் என்று சேரச் சேரத் தராசு இன்னும் சாயும். வீக்கத்தின் உச்சத்தில் எடுத்த ஸ்கேனை மட்டும் நம்பாமல் வடிந்த பிறகும் ஒருமுறை எடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். நல்ல யோசனையாகப் பட்டது.

இப்போது கத்தி. நம் வாய்க்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கீழ் உதட்டின் உள்பக்கத்தை நாக்கால் தடவினாலே மணல் மாதிரி நெருடும். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு செ.மீ. அளவு கீறி, நாலைந்து சுரப்பிகளை எடுத்துத் தையல் போடுவார்கள். அரை மணி நேர வேலை. வெளியே தழும்பு தெரியாது. நாலைந்து நாள் காரமில்லாமல் ஆறிய மோர்சாதம். பெரிய பிள்ளைகளுக்கு விழிப்பிலேயே செய்துவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுக்க வேண்டிவரும், அப்போது ஆபத்துக் கணக்கே மாறிவிடுகிறது. சில பேருக்கு உதட்டில் ஒரு சின்ன இடம் சில வாரம், சில மாதம் மரத்துக் கிடக்கும். அரிதாக நிரந்தரமாகவும் அப்படி ஆவதுண்டு. இதைக் கையெழுத்து வாங்கும்போது வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கொடுத்து என்ன வாங்குகிறோம்? நுண்ணோக்கியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளையணுக்கள் கூடி நிற்கும் கூட்டத்தை ஒரு குவியம் என்று எண்ணுகிறார்கள். 4 சதுர மி.மீ. பரப்பில் ஒரு குவியமாவது இருந்தால் பெரியவர்களுக்குப் பாசிட்டிவ். குழந்தைகளுக்கு இந்த எல்லையை அப்படியே பொருத்த வேண்டியதில்லை என்கிற கருத்து இருக்கிறது. ஆரோக்கியமான பிள்ளையின் உதட்டில் இப்படிக் கூட்டம் இருப்பது அபூர்வம், அதனால் 4 சதுர மி.மீ.க்கு ஒன்று என்ற கணக்கு எட்டாவிட்டாலும் உண்மையான ஒரு குவியம் தென்பட்டாலே கவனிக்க வேண்டும். எனவே ஸ்லைடைப் பார்ப்பவர் யார் என்பது, கீறுபவர் யார் என்பதைப் போலவே முக்கியம். ரிப்போர்ட்டில் வெறுமனே 'நாட்பட்ட அழற்சி' என்று எழுதி அனுப்பினால் அது விடை ஆகாது. எத்தனை சுரப்பி, எவ்வளவு பரப்பு, எத்தனை குவியம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லைடை வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெகட்டிவ் வந்தால்? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நோய் சுரப்பிகளில் திட்டுத் திட்டாகத்தான் பரவுகிறது. தொடக்கத்தில் எடுத்த துண்டில் அகப்படாமல் போகலாம். நெகட்டிவ் பயாப்ஸி ஷோக்ரனைத் துடைத்துப் போட்டுவிடாது. வீங்குவது காதோரச் சுரப்பி, நாம் கீறிப் பார்ப்பது உதடு. வீங்கின சுரப்பியிலிருந்தே துண்டு எடுத்தால் குழந்தைகளிடம் விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது. பழகின கை வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் இதில் தயக்கமே கூடாது. மற்றபடி முதல் படியாக இதைத் தேர்ந்தெடுக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

எம்.ஆர்.ஐ. தெளிவான படம் தரும், ஆனால் அரை மணிக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும். கட்டி சந்தேகத்துக்கு நல்லது, முதல் வரிசைக்குத் தேவையில்லை. சுரப்பிக் குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதும், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி ஐசோடோப் ஸ்கேன் எடுப்பதும் பழைய முறைகள். கதிர்வீச்சு வேறு. அல்ட்ராசவுண்ட் கிடைக்கும் ஊரில் ஒரு குழந்தைக்கு இவற்றைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் எங்கள் தடுமாற்றத்தைத் தீர்த்தது. "பயாப்ஸி பாசிட்டிவ்னா என்ன செய்வோம், நெகட்டிவ்னா என்ன செய்வோம், சொல்லுங்க. ரெண்டுக்கும் ஒரே பதில்னா பிள்ளையை எதுக்கு வலிக்க வைக்கணும்?" என் மகளுக்கு ஆன்டி-ரோ மிக உயர்ந்த அளவில் இருந்தது. ஐஜிஜி அதிகம். நான்கு சுரப்பிகளிலும் கரும்புள்ளிகள். எச்.ஐ.வி., காசநோய் இல்லை. பயாப்ஸி எப்படி வந்தாலும் அவளுக்குக் கொடுக்கப்போவது அதே மருந்து, பார்க்கப்போவது அதே கண், அதே பல், அதே சிறுநீரகம். நாங்கள் கீறவில்லை.

அதே வரிசையில் காத்திருந்த பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு நிலைமை வேறு. ஆன்டி-ரோ இல்லை. ஏ.என்.ஏ. லேசாக. ஸ்கேனில் காதோரச் சுரப்பியில் மட்டும் புள்ளிகள். மூட்டு வலிக்காக ஸ்டீராய்டு தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஷோக்ரன் இருந்தால் ஒரு பாதை, இல்லையென்றால் இன்னொரு பாதை. ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டால் அழற்சி அடங்கிப் பயாப்ஸியின் விடை மங்கிவிடலாம், அதனால் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். குவியம் இருந்தது. அவள் அம்மா அதுவரை பயந்து மூன்று மாதம் தள்ளிப் போட்டிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் கீறச் சொல்லியிருப்பேன்.

நாலைந்து வயதில் ஒரு பக்கமாக வீங்கி, இடையில் முழுக்க நன்றாக இருந்து, ரத்தமும் சிறுநீரும் சரியாக வந்த பிள்ளைக்குப் பயாப்ஸிக்கு அவசரமில்லை. ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, வீங்கின தேதிகளைக் குறித்து, வீங்கின நாளில் கன்னத்தைப் போட்டோ எடுத்து வைத்து, ஆறு மாதம் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். வயது ஏறியும் வீக்கம் நிற்கவில்லை என்றால் ஆன்டி-ரோவை மறுபடி பாருங்கள். முதல் முறை நெகட்டிவ் என்பது கடைசித் தீர்ப்பு அல்ல.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு. எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைத் தணிக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மருந்துக்காகவும் வருடம் ஒருமுறை கண் பார்க்கிறோம். பயாப்ஸி வேண்டாம் என்பது அன்றைக்கு எடுத்த முடிவுதான். ஷோக்ரனில் நிணநீர்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், குழந்தைகளிடம் அது அரிது என்றாலும். அதனால் மருத்துவர் கோப்பில் ஒரு வரி எழுதித் தந்தார்: ஒரு பக்கம் மட்டும், கெட்டியாக, வலியில்லாமல், வடியாமல் நிற்கும் வீக்கம் என்றால் காத்திருக்காமல் அந்த வாரமே வர வேண்டும், அப்போது அந்தச் சுரப்பியிலிருந்தே துண்டு எடுப்போம். அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மாமியாருக்கும் படித்துக் காட்டிவிட்டேன்.